அடுக்கு மீக்கடத்திகளும் வலுவான காந்தப்புலமும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: சார், நன்றாகக் குளிர்ந்ததும் மின்தடையை இழக்கும் மீக்கடத்தி காந்தப்புலத்தை வெளியே தள்ளிவிடும் என்று பிளஸ் டூவில் படித்தோம். பிறகு எப்படி அதற்குள் புலம் நுழைகிறது?

பதில்: நீங்கள் படித்தது ஈயம், பாதரசம் போன்ற முதல் வகைக்குத்தான் முழுசாகப் பொருந்தும். நாம் பேசும் அடுக்கு மீக்கடத்திகள், அதாவது மெல்லிய தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை, இரண்டாம் வகை. புலம் ஓர் அளவைத் தாண்டியதும் மெல்லிய இழைகளாக உள்ளே இறங்கும். இழையைச் சுற்றி மின்னோட்டம் சுழல்வதால் அதைச் சுழல் என்கிறோம். ஒவ்வொன்றும் சுமப்பது ஒரே அளவு காந்தப்பாயம்: 2.07 × 10⁻¹⁵ வெபர். இவை சீராக அணிவகுக்கும் என்று 1957-இல் சொன்ன அப்ரிகோசோவுக்கு 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கேள்வி: அடுக்காக இருப்பதால் என்ன வித்தியாசம்?

பதில்: நிறைய. பிஸ்மத், தாமிரம், ஆக்சிஜன் எல்லாம் சேர்ந்த பிஸ்மத் குப்ரேட் என்ற மீக்கடத்தியை எடுத்துக்கொள்வோம். அதில் தாமிர-ஆக்சிஜன் தளங்களில்தான் மீக்கடத்தல் நடக்கிறது. ஒரு ஜோடித் தளத்துக்கும் அடுத்த ஜோடிக்கும் இடையே சுமார் 1.5 நானோமீட்டர், நடுவில் பிடிப்பு மிகக் குறைவு. அதனால் சுழல் ஒரே கம்பியாக நிற்காது, அடுக்கி வைத்த தோசை மாதிரி தளத்துக்கு ஒரு வட்டாக நிற்கும். கொஞ்சம் சூடு ஏறினால் ஒவ்வொரு தோசையும் தன் போக்கில் வழுக்கும். ஒரு கட்டத்தில் அணிவகுப்பே உருகிவிடும். 1995-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தில் எலி ஸெல்டோவ் குழுவினர் காந்தப்புலத்தை அளக்கும் நுண்ணிய ஹால் உணரிகளைப் படிகத்தில் பொருத்தி, உருகும் கணத்தில் உள்புலம் சட்டென்று ஒரு துளி உயர்வதைப் பிடித்தார்கள். உருகிய பிறகு சுழல்கள் இன்னும் நெருங்கி நிற்கின்றன! பனிக்கட்டியைவிடத் தண்ணீர் அடர்த்தியாக இருக்கிறதே, அதேபோல. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த அளவீடு இது.

கேள்வி: சுழல் நகர்ந்தால் நமக்கு என்ன நஷ்டம்?

பதில்: மின்தடை திரும்பி வந்துவிடும். மின்னோட்டம் சுழலைப் பக்கவாட்டில் தள்ளும். அது ஓடினால் மின்னழுத்தம் உண்டாகி, பொருள் சூடாகும். ஆகவே சுழலைக் கட்டிப்போட வேண்டும். அதற்குக் குறையில்லாத படிகம் உதவாது, சுழல் சிக்கிக்கொள்ளக் குறைகள் வேண்டும். இட்ரியம் கலந்த மீக்கடத்தியால் செய்த நாடாக்களில் பேரியம் சிர்க்கோனேட் நானோ தூண்களை வளர்ப்பது இதற்காகத்தான்.

கட்டுண்ட சுழலின் பலத்தைக் கல்லூரி ஆய்வகத்திலேயே பார்க்கலாம். காந்தத்தின் மேல் ஓர் அட்டைத் துண்டு, அதன்மேல் இட்ரியம் வகைக் கறுப்பு வில்லை. திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிரவிட்டு அட்டையை உருவினால் வில்லை அதே உயரத்தில் நிற்கும். அப்புறம் காந்தத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். வில்லை விழாமல் கீழே தொங்கும்.

கேள்வி: புலத்தின் திசை முக்கியமா?

பதில்: மிக முக்கியம். நியோபியம் டைசெலினைடு என்ற இன்னோர் அடுக்குப் பொருளின் ஒற்றை அடுக்கு சுமார் 3 கெல்வினில் மீக்கடத்தியாகிறது. மீக்கடத்தலை உண்டாக்கும் எலக்ட்ரான் ஜோடியின் தற்சுழற்சியை (ஸ்பின்) இழுத்து ஜோடியைப் புலம் பிரித்துவிடும் என்ற கணக்குப்படி அதன் எல்லை சுமார் 5.5 டெஸ்லா. ஆனால் தளத்துக்கு இணையாகப் புலம் கொடுத்தபோது அது அந்த எல்லையைப்போல் ஆறு மடங்குக்கு மேல் தாங்கியது. தற்சுழற்சிகள் தளத்துக்குச் செங்குத்தாகப் பூட்டப்பட்டிருப்பதுதான் காரணம். புலத்தையே செங்குத்தாகத் திருப்பினால் வெகு குறைந்த புலத்திலேயே மீக்கடத்தல் போய்விடும்.

கேள்வி: இட்ரியம் நாடாவைத் திரவ நைட்ரஜனிலேயே வைத்துப் பெரிய காந்தம் செய்யலாமா?

பதில்: சிறு புலத்துக்குச் சரி. ஃப்ளோரிடாவின் தலஹாசி ஆய்வகம் 2017-இல் இயக்கிய 32 டெஸ்லா காந்தத்தின் உள் சுருள்கள் இட்ரியம் நாடாவே. ஆனால் அதைத் திரவ ஹீலியத்தில், 4.2 கெல்வினில் வைக்கிறார்கள். திரவ நைட்ரஜனின் 77 கெல்வினில் அவ்வளவு புலத்தில் சுழல்கள் கட்டுக்கு நிற்காது.