தளத்தை விட்டு வெளிக்கிடலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நான் கல்லடி, படம் கீறுற ஆள். வடமோடிக் கூத்து, வாவித் தோணி, மாமாங்கக் கோயில் தேர் இப்படித்தான் கீறுவன், ஒரு பெரிய தளத்தில பேஜ் வச்சு பிரிண்டும் கலண்டரும் விக்கிறன். இப்ப என்ன ஃபாலோ பண்ற ஆக்களுக்கே என்ட படம் போய்ச் சேருதில்ல, காசு கட்டி பூஸ்ட் பண்ணச் சொல்லுது, ரீல்ஸ் போடச் சொல்லுது, இதுக்குள்ள வேற ஆக்கள் என்ட பேர வெட்டிப்போட்டு படத்த தங்கட படம் மாதிரி போடுறாங்க. விட்டுட்டுப் போவம் எண்டு இரிக்கு. வர்ற கொஞ்சத்தையும் கெடுத்துக்காத எண்டு வீட்டில ஏசுறாங்க. என்ன செய்ய?
– கல்லடி வாசகி

பதில்: வெளிக்கிடுங்க புள்ள. கீறுற கைக்கு ரீல்ஸ்ல ஆடச் சொல்ற இடத்தில கிடந்து மனம் நோக வேண்டிய தேவ உங்களுக்கு இல்ல. ஆனா கோவத்தில ராவோட ராவா டெலிட்ட அமத்திப் போட்டுப் போகாதீங்க, முதல்ல உங்கட ஆக்களக் கூட்டிட்டுப் போற வழியப் பாருங்க.

ஃபாலோவர்ஸ் எண்டு அங்க காட்டுற ஆக்கள்ர நம்பர் ஒண்டும் உங்கட கையில இல்ல, அவங்களுக்கு எத காட்டுற எண்டு முடிவெடுக்கிறது கம்பனி. 2018 ஜனவரியில பேஸ்புக் கூட்டாளி, குடும்பத்துப் போஸ்டுகளத்தான் முன்னுக்குக் காட்டப்போறம் எண்டு அறிவிச்சு மாத்தினதோட உலகம் முழுக்க பேஜ் வச்சிருந்த எத்தனையோ பேருக்கு பார்க்கிற ஆக்கள் குறைஞ்சு போச்சு, ஆரும் அவங்களக் கேட்டுச் செய்யல்ல. அதே வருசம் மார்ச்ல, அம்பாறையிலயும் திகனையிலயும் நடந்த கலவரத்துக்குப் பிறகு அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாத்தையும் ஒரு கிழமை அளவுக்கு நிப்பாட்டி வச்சது. 2019 ஏப்ரல் 21ல மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக் குண்டுவெடிப்பில நம்மட பிள்ளைகளப் பறிகுடுத்த நேரத்திலயும் மறுபடி நிப்பாட்டினாங்க, அந்த நாள நினைச்சா இப்பவும் நெஞ்சு அடைக்குது. உறவுக்காரர்ர நம்பர கொப்பியில எழுதி வச்ச ஆக்கள் கோல் எடுத்து விசாரிச்சாங்க, மெசஞ்சர மட்டும் நம்பியிருந்த ஆக்கள் தவிச்சுப் போனாங்க.

அதால இண்டைக்கே ஒரு கொப்பி எடுங்க. உங்களிட்ட வாங்கின ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா மெசேஜ் போட்டு பேரும் நம்பரும் கேட்டு எழுதுங்க, உங்கட நம்பரயும் சேவ் பண்ணச் சொல்லுங்க, ஏனெண்டா ஒரே மெசேஜ கனபேருக்கு ஒண்டா அனுப்புற வட்ஸ்அப் ப்ரோட்காஸ்ட்ல போடுறது உங்கட நம்பர சேவ் பண்ணி வச்ச ஆக்களுக்கு மட்டும்தான் போகும், ஒரு லிஸ்டில 256 பேர்தான். கலண்டர்ட பின்பக்கமும் நம்பர அடிங்க. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்தில கூடுற சனத்துக்கு முன்னால ஒரு மேசை போட ஏலுமெண்டா அதையும் செய்யுங்க, அங்க கையில எடுத்துப் பார்த்து வாங்கிற ஆள் அடுத்த வருசமும் தேடி வரும்.

பேஜ உடன அழிக்க வேணாம். "இனி இங்க படம் போடமாட்டன், இந்த நம்பரில இரிக்கன்" எண்டு எழுதி மேல பின் பண்ணி வச்சிட்டு புதுசா ஒண்டும் போடாம விடுங்க. வருமானம் எவ்வளவு குறையுது எண்டு வீட்டுக்காரங்களும் பார்த்துக் கொள்ளட்டும், ரெண்டு மூண்டு மாசத்துக்குப் பிறகு அழிக்கிறதப் பத்தி யோசிக்கலாம்.

கேள்வி: அக்கவுண்ட டெலிட் பண்ணினா நம்மட படமெல்லாம் அப்பவே அழிஞ்சிருமா?
– திருக்கோவில் வாசகர்

பதில்: இல்ல தம்பி. பேஸ்புக்ல 30 நாளைக்குள்ள மனம் மாறினா திரும்பி வரலாம், அதுக்குப் பிறகு முழுசா அழிய 90 நாள் வரைக்கும் எடுக்கும் எண்டு அவங்களே சொல்றாங்க. போக முதல் உங்கட தகவல டவுன்லோட் பண்ற வசதி செட்டிங்ஸ்ல இரிக்கு, அத எடுங்க, ஆனா ஒரிஜினல் படங்கள வேற ஹார்ட் டிஸ்க்ல வச்சிருக்கணும், தளத்தில ஏத்தினது தரம் குறைஞ்சுதான் கிடக்கும். 2003 இருந்து 2015 வரைக்கும் மைஸ்பேஸ் எண்ட பழைய தளத்தில ஏத்தின பாட்டுகள் சேர்வர் மாத்தினதில போயிட்டு எண்டு 2019ல தெரிய வந்தது, அங்க மட்டும் வச்சிருந்த பாட்டுக்காரருக்கு ஒண்டும் மிச்சமில்ல. இன்னொண்டு, பப்ளிக்கா போட்ட போஸ்டையும் படத்தையும் ஏஐ பழக்க எடுக்கிறம் எண்டு மெட்டா சொல்லிட்டு, எக்ஸ் தளமும் 2024 நவம்பர்ல விதிமுறையில எழுதிட்டு. ஏற்கெனவே எடுத்துப் பழக்கினது நீங்க அழிச்சாலும் திரும்பி வராது, அதால புதுப் படம் ஏத்துறத நிப்பாட்டுறதுதான் முதல் வேல.

கேள்வி: மாஸ்டடன், புளூஸ்கை மாதிரி வேற தளங்களுக்குப் போனா விக்குமா அக்கா?
– அக்கரைப்பற்று வாசகி

பதில்: விக்கிறதுக்கு அங்க போக வேணாம் தங்கச்சி, நம்மட கலண்டர் வாங்கிற மாமி அங்க இல்ல. வேற நாட்டுப் படம் கீறுற ஆக்களோட பழக எண்டா போங்க, மாஸ்டடன ஒரு கம்பனி மட்டும் பிடிச்சு வச்சிருக்க ஏலாது, அது எனக்குப் பிடிக்கும்.