சிபாரிசுக்கு ஆள் இல்லை என்று கவலைப்படும் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. மகள் காரைக்குடியில் எம்.எஸ்சி. வேதியியல் கடைசி வருஷம், பேட்டரி கம்பெனிக்குப் போக ஆசைப்படுகிறாள், "சொல்லிவிட நமக்கு யாரும் இல்லையே" என்று கேட்டிருக்கிறீர்கள். பர்மா, மலேயாவில் இருந்த செட்டியார் வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை உதவியாளாகச் சேர்ந்து அடுத்தாள், மேலாள் என்று உயர்ந்த காலத்தில் சொந்தபந்தத்தின் ஒரு சொல் போதும். இப்போது அந்தச் சொல் கதவைத் தட்டத்தான் உதவும்.

அதுவும் நெருங்கிய சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களை விசாரித்தார். அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர்கள் 55.6, அபூர்வமாகப் பார்ப்பவர்கள் 27.8. காரணம் எளிது: தினமும் பேசுகிறவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். சற்றுத் தள்ளி இருப்பவரிடம்தான் புதுத் தகவல் இருக்கும்.

எனவே மகள் முதலில் தேட வேண்டியது அவள் துறையிலேயே படித்து முடித்த சீனியர்களை. லிங்க்ட்இனில் கல்லூரிப் பக்கத்துக்குப் போனால் முன்னாள் மாணவர்கள் பகுதி இருக்கும். எந்த ஊர், எந்த நிறுவனம் என்று வடிகட்டலாம். இருபது பேரைக் குறித்துக்கொண்டு வாரத்துக்கு நான்கு பேருக்கு எழுதட்டும். ஒரே நாளில் அத்தனை பேருக்கும் ஒரே வரியை அனுப்பினால் படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

பெரும்பாலோர் சறுக்குவது முதல் செய்தியில். "ஹாய் சார், வேலை இருந்தா சொல்லுங்க" என்று எழுதி ரெஸ்யூமையும் ஒட்டி அனுப்புவார்கள். கொடுப்பதற்குக் கையில் வேலை இல்லாதவர் பதில் சொல்லக் கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். வேலை கேட்காமல் விஷயம் கேட்டால் பதில் வரும். இப்படி எழுதலாம் (இதில் வரும் சைக்ளிக் வோல்டாமெட்ரி, இம்பீடன்ஸ் இரண்டும் மின்வேதியியல் சோதனை முறைகள்):

"வணக்கம் அக்கா. நீங்கள் படித்த அதே துறையில் எம்.எஸ்சி. கடைசி வருஷம் படிக்கிறேன். பேட்டரி சோதனைப் பிரிவில் சேர சைக்ளிக் வோல்டாமெட்ரி போதுமா, இம்பீடன்ஸ் அளவீடும் கட்டாயமா? 15 நிமிடம் பேச முடியுமா? சனி மாலை, ஞாயிறு காலை இரண்டும் எனக்குச் சரி."

பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கு மேல் வேண்டாம். பேசி முடித்தால் அன்றைக்கே நன்றி. அவர் சொன்னதைச் செய்த பிறகு, என்ன செய்தாள் என்று இரண்டு வரி. இந்த இரண்டாவது செய்தியைத்தான் யாரும் அனுப்புவதில்லை. பேர் நினைவில் நிற்பதே அதனால்தான். தினமும் குட்மார்னிங் படம் அனுப்புவது இதில் சேராது!

உள்ளூரிலேயே சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிறது. மின்வேதியியலுக்கென்றே 1953-இல் திறந்த ஆய்வகம், அவள் பாடத்துக்கு இதைவிடப் பக்கத்தில் வேறென்ன வேண்டும்? அங்குள்ள ஒரு விஞ்ஞானியிடம் புராஜெக்ட் கேட்டு எழுதும்போது அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு அதில் ஒரு கேள்வியோடு எழுதச் சொல்லுங்கள். அனுமதிக்கு நாளாகும், செமஸ்டருக்கு மூன்று நான்கு மாதம் முன்பே தொடங்கட்டும்.

கல்யாணம், செவ்வாய்ப் பொங்கல் என்று சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆள் வருவார்கள். பந்தியில் வைத்து வேலைப் பேச்சை எடுக்காதீர்கள். அறிமுகம், நம்பர், "அடுத்த வாரம் கூப்பிடுகிறேன் மாமா", அவ்வளவு போதும். கூப்பிட வேண்டியது மகள். நீங்கள் கூப்பிட்டால், ஆபீஸில் இவளே பேசுவாளா என்ற சந்தேகம் அவருக்கு வந்துவிடும்.

யாராவது தன் நிறுவனத்தில் ரெஃபரல், அதாவது உள்ளிருந்து பரிந்துரை, தர ஒப்புக்கொண்டால், அந்த வேலையின் ஐடி எண்ணையும் ஒரு பக்க ரெஸ்யூமையும் உடனே அனுப்பட்டும். அதற்கு முன் இணையதளத்தில் தானாகவே விண்ணப்பித்துவிட்டால் சில நிறுவனங்களில் ரெஃபரல் ஏறாது, ஆகவே முதலில் அவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். ரெஃபரலுக்குப் பணம் கேட்பவர் எவ்வளவு தூரத்துச் சொந்தமானாலும், கிட்டத்துச் சொந்தமானாலும், ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.