விண்டோஸை மறுபடி நிறுவிய பின் பச்சை எழுத்துக் கோப்புகள் திறக்கவில்லை, மீட்க முடியுமா?

சி டிரைவை ஃபார்மட் செய்தீர்களா, இல்லையா? எல்லாமே இதில்தான் இருக்கிறது. எதுவானாலும் அந்தக் கணினியில் இனி புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். ஃபார்மட் செய்திருந்தால் இப்போதே அணைத்துவிடுங்கள்.

பெயர் பச்சையில் தெரிந்தாலோ, ஐகான் ஓரத்தில் சின்னப் பூட்டு இருந்தாலோ அது இஎஃப்எஸ் பூட்டு, அதாவது கோப்புகளைத் தனித்தனியாகப் பூட்டும் விண்டோஸ் வசதி. டிரைவ் முழுவதும் பூட்டப்பட்டு 48 இலக்க எண் கேட்டால் அது பிட்லாக்கர். அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும், அங்கே பாருங்கள்.

இஎஃப்எஸ்-இல் ஒவ்வொரு கோப்புக்கும் தனியாக ஒரு சாவி உருவாகும். அந்தச் சாவியும் உங்கள் பெயரிலான டிஜிட்டல் சான்றிதழால் பூட்டப்பட்டு, கோப்போடு சேர்ந்தே கிடக்கும். அதைத் திறக்கும் ரகசியச் சாவி இருப்பது, கோப்புகளை டி டிரைவில் வைத்திருந்தாலும் அங்கே அல்ல, சி டிரைவில் உங்கள் யூசர் ஃபோல்டருக்குள். அதையும் ஒரு மாஸ்டர் சாவி காக்கிறது. அந்த மாஸ்டர் சாவியைக் காப்பது உங்கள் பழைய பாஸ்வேர்டு. அதே பெயர், அதே பாஸ்வேர்டில் புது யூசர் உருவாக்கினாலும் விண்டோஸுக்கு அவர் வேறு ஆள். உள் அடையாள எண்ணான எஸ்ஐடி மாறிவிட்டது, பழைய சாவியும் அவரிடம் இல்லை. கோப்பின் உரிமையாளரை மாற்றுவது, பெர்மிஷன் கொடுப்பது எல்லாம் இதனால்தான் பலிப்பதில்லை. அவை வாசல் காவலை மட்டுமே விலக்கும்; கோப்பு ஏஇஎஸ் 256 பிட் என்ற குறியாக்க முறையில் பூட்டியபடியேதான் இருக்கும். சாவி இல்லாமல் உடைத்துத் தருவதாக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

முதலில் எந்தச் சாவி தேவை என்று பாருங்கள். கமாண்ட் பிராம்ப்டில் சைஃபர் கட்டளையை /சி சேர்த்து, கோப்பின் பெயரோடு கொடுங்கள். அதைத் திறக்கக்கூடிய யூசரும், சான்றிதழை அடையாளம் காட்டும் 40 எழுத்துக் கைரேகையும் தெரியும். குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பழைய பென் டிரைவ், மெயில், பேக்கப் எல்லாவற்றிலும் பிஎஃப்எக்ஸ் என்று முடியும் கோப்பைத் தேடுங்கள்; அது சான்றிதழும் ரகசியச் சாவியும் சேர்ந்த பேக்கப். கிடைத்துவிட்டால் இரட்டை கிளிக், அதற்கு வைத்த பாஸ்வேர்டு, 'பர்சனல்' பகுதியில் இம்போர்ட். கைரேகை ஒத்துப்போனால் கோப்புகள் உடனே திறக்கும்.

அது இல்லை, ஆனால் ஃபார்மட் செய்யாமல் நிறுவினீர்கள் என்றால் நல்ல வாய்ப்பு இருக்கிறது. சி டிரைவில் விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டர் இருக்கும். விண்டோஸ் 10, 11 அதை 10 நாளில் தானே அழித்துவிடலாம், டிஸ்க் கிளீனப்பும் அழிக்கும். எனவே இன்றே அதனுள் யூசர்ஸ், உங்கள் பழைய பெயர், ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட் என்று போய், அந்த மைக்ரோசாஃப்ட் ஃபோல்டரை முழுவதுமாக வேறு டிஸ்க்கில் நகலெடுங்கள். வேண்டியவை மூன்று: கிரிப்டோ, புரொடெக்ட், சிஸ்டம்சர்டிஃபிகேட்ஸ். மறைந்த கோப்புகளோடு சிஸ்டம் கோப்புகளையும் காட்டச் சொல்லாவிட்டால் புரொடெக்டுக்குள் இருப்பவை கண்ணில் படாமல் போகலாம். பலர் அதை விட்டுவிட்டுத்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சிஸ்டம்சர்டிஃபிகேட்ஸுக்குள் இருக்கும் கோப்புகளின் பெயரே கைரேகைதான், முன்பு குறித்ததோடு ஒப்பிடுங்கள். இவையும் பழைய பாஸ்வேர்டும் கையில் இருந்தால் எல்காம்சாஃப்டின் இஎஃப்எஸ் மீட்பு மென்பொருள் போன்றவற்றால் திறக்க முடியும். பாஸ்வேர்டு மறந்திருந்தால் ஊகித்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

ஃபார்மட் செய்துவிட்டீர்கள், அதுவும் ஹார்டு டிஸ்க் என்றால் அதைக் கழற்றி வேறு கணினியில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, செக்டர் செக்டராக முழு நகல் (இமேஜ்) எடுத்து, அந்த மூன்று ஃபோல்டர்களையும் அதில் தேடலாம். புது விண்டோஸ் அவற்றின் மேல் எழுதாமல் இருந்திருக்க வேண்டும். எஸ்எஸ்டி என்றால் ஃபார்மட்டின்போதே, பழைய தரவைத் துடைக்கச் சொல்லும் டிரிம் கட்டளை வேலை செய்திருக்கும். அநேகமாக ஒன்றும் மிஞ்சாது.

அலுவலகக் கணினி, டொமைனில் (நிறுவனம் மையமாக நிர்வகிக்கும் நெட்வொர்க்கில்) சேர்ந்தது என்றால் இத்தனை அலைச்சல் வேண்டாம். அங்கே யார் பூட்டிய கோப்பையும் திறக்கும் மீட்பு ஏஜென்ட் சான்றிதழ் இருக்கக்கூடும், நிர்வாகியிடம் கேளுங்கள். தனிக் கணினியில் விண்டோஸ் எக்ஸ்பி முதல் அப்படி எதுவும் தானாக அமைவதில்லை.

சாவி இன்று கிடைக்காவிட்டாலும் கோப்புகளை அழிக்க வேண்டாம். சாதாரணமாகக் காப்பி செய்தால் மறுக்கும். விண்டோஸின் ரோபோகாப்பி கட்டளையில் /இஎஃப்எஸ்ரா சேர்த்தால், என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த வேறொரு டிஸ்க்குக்குப் பூட்டியபடியே போகும். திறந்துவிட்டால் அன்றே சைஃபர் /எக்ஸ் கொடுத்து பிஎஃப்எக்ஸ் எடுத்து, கணினிக்கு வெளியே இரண்டு இடங்களில் வையுங்கள்.