மறு: பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோர் வருவதே இல்லை
டீச்சர், காலை 11 மணிக்குக் கூட்டம் வைத்தால் நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாக்கள் கூலியை விட்டுவிட்டா வருவார்கள்? கூட்டத்துக்கு வராத பெற்றோரை அக்கறையில்லாதவர்கள் என்று நீங்கள் எழுதியது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் ஊரில் கூட்டத்தைச் சாயங்காலம் ஆறு மணிக்கு ரேஷன் கடை வேப்பமரத்தடிக்கு மாற்றினோம் (கோயில் திண்ணை வேண்டாம், அங்கே எல்லாரும் வந்து உட்கார மாட்டார்கள், உங்களுக்கே தெரியும்).

2009 கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவதே அந்தக் குழுதான், ஆனால் பல இடங்களில் கூட்ட நோட்டை வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்குவதோடு சரி.

அப்புறம், முதல் கூட்டத்திலேயே மார்க் பேச்சை எடுக்காதீர்கள். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று ஒரு அம்மா எழுந்து சொன்ன பிறகுதான் எங்கள் கூட்டமே சூடு பிடித்தது, அடுத்த வாரம் அவர் வீட்டுக்காரரே வந்து மாட்டிக்கொடுத்தார்.