பாதித் தட்டு திரும்பி வருகிறது

அன்புள்ள ஆசிரியருக்கு,

மருத்துவமனை உணவில் இறைச்சியைக் குறைப்பது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, மதியச் சாப்பாட்டில் கோழிக்குப் பதில் பருப்பும் கொண்டைக்கடலையும் வைத்தோம். மூன்றே வாரத்தில் சிக்கல். தட்டு பாதியாகத் திரும்பி வருகிறது. வயிறு உப்புசம் என்கிறார்கள். அறுவைச் சிகிச்சைப் பிரிவின் மூத்த மருத்துவர், “தாவரப் புரதம் அரைகுறை, புண் ஆறாது” என்கிறார். பழையபடி மாற்றிவிடலாமா?

ம., டயட்டீஷியன்

அன்புள்ள ம.,

வேண்டாம். ஆனால் இந்த மெனுவோடும் ஓட்ட முடியாது. உங்களைக் கவிழ்த்தது தட்டின் பருமன்.

60 கிலோ எடையுள்ள நோயாளிக்குக் கிலோவுக்கு 1.2 கிராம் வீதம் நாளொன்றுக்கு 72 கிராம் புரதம் வேண்டும். மதியத்துக்கு 25 கிராம் என்று வைத்துக்கொண்டால், வெந்த கோழி 90 கிராமில் வேலை முடிந்துவிடும். வெந்த பருப்பில் 100 கிராமுக்குச் சுமார் 9 கிராம்தான் இருக்கிறது. 280 கிராம் சாப்பிட்டாக வேண்டும். நல்ல உடம்புக்காரரே திணறுவார். நாக்கு கசந்து கிடப்பவர் நாலு கரண்டியோடு தட்டைத் தள்ளிவிடுவார்.

ஆகவே அடர்த்தியான புரதத்துக்குப் போங்கள். உலர்ந்த மீல்மேக்கர் 50 கிராமில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் உண்டு. கொதிநீரில் ஊறவைத்து, இரண்டு முறை பிழிந்து, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். சோயா வாடை அதோடு போய்விடும், மசாலாவும் உள்ளே இறங்கும். டோஃபு (சோயாப் பன்னீர்) வாங்கினால் கெட்டியானதாக வாங்குங்கள். மென்மையான வகையில் பெரும்பகுதி தண்ணீர். கஞ்சியைச் சோயாப் பாலில் காய்ச்சினால் 200 மில்லியில் 6-7 கிராம் சத்தமில்லாமல் சேரும். கொள்முதல் பிரிவு காலை வாருவது இங்கேதான். ‘எல்லாம் தாவரப் பால்தானே’ என்று பாதாம் பாலையோ அரிசிப் பாலையோ வாங்கி அடுக்கிவிடுவார்கள். அதே 200 மில்லியில் 1-2 கிராம் தேறினால் அதிகம். பருப்பை நிறுத்த வேண்டாம், 100 கிராம் அளவில் துணைக்கு இருக்கட்டும்.

மருத்துவர் சொல்வதில் பாதி சரி. புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில், பயறில் மெத்தியோனின் குறைவு, தானியத்தில் லைசின் குறைவு. ஒரே நாளுக்குள் இரண்டும் வயிற்றில் சேர்ந்தால் போதும், ஒரே தட்டில் இருக்க வேண்டியதில்லை. சோயாவின் தரமோ பால், முட்டைக்கு அருகில் நிற்பது. முதியவர்களுக்கு மட்டும், லூசின் என்ற அமினோ அமிலம் குறையாமலிருக்க, வேளைக்கு 25 என்பதை 30 கிராமாக ஏற்றுங்கள்.

உப்புசத்துக்கு வழி: இரவே ஊறப்போட்டு ஊறிய நீரைக் கொட்டுவது, தோல் நீக்கிய பருப்பில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுவது. ராஜ்மாவில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை தேவை. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, புது நீரில் 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும். 30 நிமிடம் என்றால் கவலையே இல்லை. கொதிக்காமல் மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைத்தால் அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் அழியாது, வார்டே வாந்தி எடுக்கும்.

விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு அரைத்த கொண்டைக்கடலை கொடுத்தால், மிக்ஸியில் இருக்கும்போது பதத்தைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். மாவுச்சத்து ஆற ஆற இறுகும். சமையலறையில் கரண்டியிலிருந்து வழுக்கி விழுந்தது, டிராலி நாலாவது மாடிக்குப் போவதற்குள் களிமண்ணாகிவிடும். தோலைச் சலித்து நீக்கி, சற்று இளக்கமாக அரைத்து, பரிமாறும் சூட்டில் கரண்டியைச் சாய்த்துப் பாருங்கள். ஒட்டாமல் ஒரே கட்டியாக நழுவி விழ வேண்டும்.

சிலருக்கு மெனுவே வேறு. பொட்டாசியம் ஏறிய சிறுநீரக நோயாளிக்கு வேகவைத்த நீரை வடித்துக் கொட்டிய பயறுதான், அதுவும் அளவோடு. குடல் அறுவைச் சிகிச்சை முடிந்தவருக்கு முழுப்பயறு கூடாது, டோஃபு கொடுக்கலாம். தைராய்டு மாத்திரைக்கும் சோயாவுக்கும் 4 மணி நேர இடைவெளி விடுங்கள். லினசோலிட் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போகிறவருக்குப் புளிக்கவைத்த சோயாப் பொருள் எதுவும் ஆகாது. சோயா, வேர்க்கடலை ஒவ்வாமை உண்டா என்பதை அனுமதிச் சீட்டிலேயே கேட்டுக் குறியுங்கள்.

கோழியை அடியோடு எடுத்தது இன்னொரு பிழை. நியூயார்க் நகரின் 11 பொது மருத்துவமனைகள் 2022-இல் தாவர உணவை முதல் தெரிவாக முன்னால் வைத்தன. இறைச்சி வேண்டுமென்று கேட்டவருக்கு அதுவும் கிடைத்தது. மெனுவில் ‘சத்தான தாவர உணவு’ என்று போடாதீர்கள், மருந்து வாசனை அடிக்கும். சுவையைச் சொல்லுங்கள்: மிளகு டோஃபு, எலுமிச்சைக் கடலை.

கோழிக்குப் பதில் சீஸ் என்று யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். 2018-இல் வந்த ஓர் உலகளாவிய ஆய்வுத் தொகுப்பின்படி, 100 கிராம் புரதத்துக்குச் சராசரி பசுமை இல்ல வாயு உமிழ்வு கோழியில் 5.7 கிலோ, சீஸில் 11, டோஃபுவில் 2, பட்டாணியில் 0.4. சீஸுக்கு மாறினால் உமிழ்வு ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

முதலில் ஒரே வார்டில் மூன்று நாள், 20 தட்டுகளைப் போகும்போதும் வரும்போதும் நிறுத்துப் பாருங்கள்; புரத உணவைத் தனியாக நிறுங்கள். வைத்தது எவ்வளவு, உண்டது எவ்வளவு என்று அந்த மருத்துவரிடம் கிராமில் காட்டலாம். கோழி நாட்களிலும் இதையே செய்யுங்கள். அப்போதும் தட்டு பாதியாகத் திரும்பியிருக்கலாம், யாரும் நிறுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.