குப்பை பொறுக்குவோர் சங்கமாகச் சேர்ந்து நகராட்சியிடம் அங்கீகாரம் வாங்க, முதலில் என்ன செய்ய வேண்டும்?

பெரும்பாலோர் மனுவில் தொடங்குகிறார்கள். எத்தனை பேர், எத்தனை கிலோ என்று அதிகாரி கேட்டதும் பேச்சு நின்றுவிடும். அதனால் முதலில் பெயர்ப் பட்டியல், எடைக் கணக்கு. மனு பிறகுதான்.

குப்பைமேட்டில் நின்று தலை எண்ணாதீர்கள். தெருத்தெருவாகப் பொறுக்குகிறவர்கள் அங்கே வருவதே இல்லை. எல்லோரும் வந்தே தீர வேண்டிய இடம் காயலான் கடை. சரக்குப் போடும் நேரத்தில் அங்கே உட்கார்ந்து எழுதுங்கள். ஆனால் பட்டியலைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்காதீர்கள், பொறுக்காதவர் பெயரெல்லாம் நுழைந்துவிடும். கணவனும் மனைவியும் சேர்ந்து வேலை செய்தால் கணவன் பெயர் மட்டும் ஏறுவது வழக்கமான தப்பு. இருவருக்கும் தனித்தனி வரி வேண்டும். பெயரை அடையாள அட்டையில் உள்ள எழுத்துப்படியே எழுதுங்கள். பின்னால் வங்கிக் கணக்குக்குப் பணம் வரும்போது ஓரெழுத்து மாறினாலும் சிக்கல்தான்.

அடுத்தது எடை. தராசைச் சோதிக்க எளிய வழி: 20 லிட்டர் கேனை வெறுமையாக ஒருமுறை, தண்ணீர் நிரப்பி ஒருமுறை நிறுங்கள். வித்தியாசம் 20 கிலோ வர வேண்டும். அட்டை ஈரமாக இருக்கிறது என்று கடையில் கழிப்பார்கள். நோட்டில் தராசு காட்டிய எடையையும் கழித்த எடையையும் தனித்தனியாகக் குறியுங்கள். 40 பேர், ஆளுக்குத் தினம் 30 கிலோ, மாதம் 26 நாள் என்றால் 31.2 டன். ஒரு டன்னை அள்ளிக் கொண்டுபோய்க் கொட்ட நகராட்சி செலவழிப்பதை அதோடு பெருக்குங்கள். உங்களால் நகராட்சிக்கு மிச்சமாகும் தொகை அதுதான். மனுவின் முதல் வரியில் வர வேண்டியதும் அதுவே.

சங்கமா, கூட்டுறவா என்ற குழப்பம் அடிக்கடி வரும். புனேயில் இரண்டும் உண்டு. 1993இல் காகத் காச் பத்ரா கஷ்டகாரி பஞ்சாயத் என்ற சங்கம் பிறந்தது. வீடுவீடாகக் குப்பை எடுக்க மாநகராட்சியோடு 2008இல் ஒப்பந்தம் போட்டது ஸ்வச் என்ற கூட்டுறவு அமைப்பு. பிரித்து வைப்பதே நல்லது என்பேன். ஒப்பந்தம் எடுத்த அமைப்பு பாதி முதலாளி மாதிரி ஆகிவிடும். அதன்மேலேயே புகார் வந்தால் கேட்க வேறொரு இடம் வேண்டாமா?

ஒப்பந்தத்தில் அடையாள அட்டை, கையுறை எல்லாம் சுலபமாகக் கிடைத்துவிடும். சண்டை போட்டு வாங்க வேண்டியவை வேறு: பிரித்தெடுத்த சரக்கை விற்கும் உரிமை, கூரையும் தண்ணீரும் கழிப்பறையும் உள்ள தரம்பிரிக்கும் இடம். லாரி ஒப்பந்ததாரருக்கு டன் கணக்கில் பணம் என்றால் அவருக்கு அட்டையும் பாட்டிலும்கூட எடைதான், உங்களை அண்ட விடமாட்டார். ஆகவே டெண்டர் வெளியாவதற்கு முன்பே உங்கள் நிபந்தனை அதில் ஏறியிருக்க வேண்டும். வெளியானபின் மிச்சமிருக்கும் வழி நீதிமன்றம். அது நீண்ட வழி. கொலம்பியாவின் பொகோட்டாவில் டெண்டரில் இடம் மறுக்கப்பட்ட குப்பை பொறுக்குவோருக்குச் சாதகமாக 2003இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சேகரித்த எடைக்கு நகரம் பணம் கொடுக்கத் தொடங்கியது 2013இல்தான்.