அக்காவிடம் கேளுங்கள்: கிடங்கில் புளிக்கும் ஈரப்பலாக்காய்

கேள்வி: பசிபிக் கடலில் ஏதோ ஒரு தீவில் ஈரப்பலாக்காயைக் கிடங்கில் புதைத்து, அழுக விட்டுச் சாப்பிடுவார்கள் என்று என் மகன் சொல்கிறான். உண்மையா அக்கா? நாங்களும் செய்து பார்க்கலாமா?
– வாசகி, முள்ளியவளை

பதில்: உண்மைதான் தங்கச்சி, ஆனால் அழுக விடுவதில்லை, புளிக்க வைக்கிறார்கள். பல தீவுகளில் இந்த வழக்கம் உண்டு. நான் ஆசையோடு வாசித்து அறிந்தது திக்கோப்பியாவைப் பற்றி. சொலமன் தீவுகளின் கிழக்குக் கோடியில், சுமார் 5 சதுர கிலோமீற்றர் மட்டுமே உள்ள தீவு அது.

காயின் தோலைச் சீவி, நடுத்தண்டை நீக்கி, இலை பரப்பிய கிடங்கில் நெருக்கி அடுக்குவார்கள். மேலேயும் இலை போட்டு மூடிக் கல் ஏற்றிவிடுவார்கள். காற்றுப் புகாததால், பாலைத் தயிராக்கும் அதே வகைப் பற்றீரியா வேலை செய்து புளிப்பு ஏறும். அந்தப் புளிப்பு உணவைப் பழுதாக விடாது. இடைக்கிடை பழைய இலையை மாற்றினால் வருடக்கணக்கில் இருக்கும். தேவைப்படும்போது எடுத்து, சூடாக்கிய கற்களில் வேகவைத்து, தேங்காய்ப்பால் சேர்த்து உண்பார்கள். மணம் கடுமைதான்; பழகிய வாய்க்கு அதுவே ருசி.

2002 டிசெம்பர் 28இல் சோயி சூறாவளி அந்தத் தீவின் தோட்டங்களையும் மரங்களையும் அழித்துப் போட்டது. உதவிக் கப்பல் போய்ச் சேரப் பல நாளாயிற்று. ஆனாலும் ஒருவர்கூட இறக்கவில்லை. இப்படிப்பட்ட காலத்துக்கென்றே கிடங்கு உணவை வைத்திருக்கும் சனங்கள் அவர்கள். தோட்டங்களைக் கிண்டி அழிக்கிறது என்று, 1600ஆம் ஆண்டளவில் பன்றி வளர்ப்பையே கைவிட்டார்களாம். இறைச்சியை விட்டுக்கொடுத்துக் கிழங்கைக் காப்பாற்றியவர்கள்! போரில் பாதை பூட்டிய காலத்தில், பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்த ஒடியலின் மாவை நம்பி அடுப்பு மூட்டியவள் நான். அவர்களை எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.

சரி, நீங்கள் செய்து பார்க்கலாமா? வேண்டாம். எங்கள் மாரியில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். கிடங்கில் தண்ணீர் ஊறினால் அத்தனையும் கெட்டுவிடும். கைப்பழக்கம் உள்ளவர் பக்கத்தில் இல்லாமல் இதில் பரீட்சை கூடாது. அதற்குப் பதிலாக, தை மாதம் பனங்கிழங்கு கிண்டும்போது மகனையும் கூட்டிப் போங்கள். கிழித்துக் காயப்போட அவனே பழகட்டும். ஒடியலை இடித்து மாவாக்கிய பின் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று தரம் பிழிந்து, அந்த நீரைக் கட்டாயம் ஊற்றிவிட வேண்டும். அப்போதுதான் கசப்புப் போகும். அப்புறம் பிட்டு அவிக்கலாம், கூழும் காய்ச்சலாம்.